கையெழுத்துக்கு முன் எங்களைக் கேளுங்கள்: மண்டபம் முகாமிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள். 1990 ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, பதினேழு பேரோடு ஒரு பைபர் படகில் கடல் தாண்டினேன். ஓட்டி எங்களை மணல் திட்டில் இறக்கிவிட்டு, "விடிந்தால் யாராவது வருவார்கள்" என்று சொல்லிப் படகைத் திருப்பினார். கடல் முழங்கால் வரை ஏறி இறங்கியது. வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரத்தை அம்மா யூரியாப் பையில் நான்காக மடித்துச் சுற்றி, என் சட்டைக்குள் வைத்துச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தாள். சோதித்தால் குழந்தையைச் சோதிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. காலையில் தனுஷ்கோடி மீனவர்கள் எங்களை அரிச்சல்முனையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த உறுதி இன்றும் அதே பையில், தகரப் பெட்டியின் அடியில் இருக்கிறது.

35 ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டின் இந்தக் கரையில், அகதி முகாமில் இருக்கிறேன். உங்கள் தேர்தலில் எனக்கு வாக்கு இல்லை. இந்த நாட்டுத் தேர்தலிலும் இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதப்போகும் அரசமைப்பின் ஒவ்வொரு வரியும் என்னைப் பற்றியதுதான். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட சொல் 'தீர்வு'. தீர்வுப் பொதி, அரசியல் தீர்வு, இடைக்காலத் தீர்வு, கௌரவமான தீர்வு என்று எத்தனையோ பெயரில் அது வானொலியில் வந்து போயிற்று. ஒரு முறையாவது யாராவது ஒருவர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து, "உங்களால் எதை ஏற்றுக்கொள்ள முடியும், எதைப் பொறுத்துக்கொள்ள முடியும்" என்று எங்கள் வாசலில் கேட்டதில்லை. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

நாங்கள் தங்கியிருக்கும் இந்த முகாமின் பழைய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைக் கப்பலேற்றும் முன் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இலங்கை அரசே நடத்திய இடம் இது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஒரு மலையகத்து அக்கா இருக்கிறார். அவருடைய பாட்டி இந்த முகாமில் தங்கித்தான் தோட்டத்துக்குப் போனார். 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தக் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெல் மூட்டையை எண்ணிப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஒருவரிடமும் கேட்கவில்லை. அக்காவின் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, ராமானுஜம் கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. இவர்கள் வீடோ 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு ஓடி, 1990இல் எங்களைப் போலவே மணல் திட்டுக்கு வந்து சேர்ந்தது. பாட்டி படுத்த முகாமில் பேத்தி இப்போது ரேஷன் அரிசி வாங்குகிறார்.

பண்டா–செல்வா ஒப்பந்தம், டட்லி–செல்வா ஒப்பந்தம் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1957 ஜூலையில் தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர்வதாகப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் கையெழுத்திட்டது, அடுத்த ஏப்ரலில் பிரதமர் வீட்டு வாசலில் பிக்குகள் அமர்ந்த ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. 2000 ஆகஸ்டில் புதிய அரசமைப்பு வரைவின் பிரதிகளுக்கு உங்கள் சபைக்குள்ளேயே தீ வைத்தார்கள். எதிர்த்தவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று காலியிலும் குருநாகலிலும் பேசாலையிலும் இருந்த குடும்பங்களுக்கு யார் போய் விளக்கினார்கள்? தனக்குத் தெரியாத ஒன்று எரிந்தால் யார் அழுவார்கள்?

மக்களைக் கேட்பதாக ஒரு முறை எழுதியே கொடுத்தார்கள். 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில், வடக்கோடு இணைந்திருக்க விருப்பமா என்று 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்படும் என்று இருந்தது. அந்த வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணமாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வயல்வெளியில் அடுத்தடுத்து வாழும் மண் அது. அங்கே இருப்பவர்களின் மனதில் என்ன இருந்தது என்பது கடைசிவரை எண்ணப்படவே இல்லை. இலங்கை முழுவதற்குமாக நடந்த வாக்கெடுப்பு ஒன்றே ஒன்றுதான். 1982 டிசம்பர் 22இல் நடந்தது. தேர்தல் நடத்தாமலே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொள்ளலாமா என்பதே அன்று மக்களிடம் கேட்ட கேள்வி.

இப்போது மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் கட்சிக்கு 159 இடங்கள் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அதுவே முதலிடம் பிடித்தது. புதிய அரசமைப்பு தருவோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறீர்கள். இலங்கை ஒற்றையாட்சி நாடு என்று சொல்லும் இரண்டாம் உறுப்புரையைத் தொட வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று உங்கள் அரசமைப்பின் 83ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆக, என்றாவது ஒரு நாள் கேட்கத்தான் போகிறீர்கள். என் பயமெல்லாம், எப்படிக் கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றியது.

சைப்ரஸ் தீவைப் பாருங்கள். நம் வட மாகாணத்தைவிடச் சற்றே பெரிய நிலம், அவ்வளவுதான். கிரேக்க மொழி பேசுவோர் பெரும்பான்மை, துருக்கி மொழி பேசுவோர் சிறுபான்மை. 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. 1963 முடிவதற்குள் சண்டை. 1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சியின் துணையோடு ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தாம் நாள் துருக்கியப் படை இறங்கியது. தெற்கே ஓடிய கிரேக்கர்கள், வடக்கே ஓடிய துருக்கியர்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். நடுவே 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. அதை இன்றைக்கும் ஐ.நா. படை காவல் காக்கிறது.

1977இலேயே இரு தரப்புத் தலைவர்களும் இரு சமூகக் கூட்டாட்சி என்பதைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் மூடிய அறைகளில் பேச்சு நடந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பெயரிலான திட்டத்தின் இறுதி வடிவம் 2004 மார்ச் 31 அன்று வந்தது. வாக்கெடுப்பு ஏப்ரல் 24 அன்று. இணைப்புச் சட்டங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 9,000 பக்கம். படித்துப் பார்க்க இருபத்துநான்கு நாள். ஏப்ரல் 7 அன்று, பேச்சுவார்த்தைக்குத் தாமே தலைமை தாங்கிப் போன கிரேக்கத் தரப்பு ஜனாதிபதி தாசோஸ் பாப்பதோபுலோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, "வேண்டாம் என்று வாக்களியுங்கள்" என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். துருக்கியரில் 65 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். கிரேக்கரில் 76 விழுக்காட்டினர் இல்லை என்றார்கள். ஒரு வாரத்தில், மே 1 அன்று, பிரிந்த தீவாகவே அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போயிற்று. ஆம் என்று சொன்னவர்கள் வெளியே நின்றார்கள்.

இல்லை என்று சொன்ன அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். துருக்கியப் படை முழுதாகப் போகாது, தங்கள் பழைய வீடும் முழுதாகத் திரும்பாது, நாளை ஏதாவது நடந்தால் வெளிநாட்டுப் படை மறுபடி வரலாம் என்று அவர்கள் பயந்தார்கள். தகரப் பெட்டியில் காணி உறுதி வைத்திருக்கும் எனக்கு அந்தப் பயம் நன்றாகவே விளங்குகிறது. அந்தப் பயத்தைப் பேச்சு நடக்கும்போதே கேட்டறிந்து, அதற்கு மருந்து தேடி, பிறகு வாக்குப் பெட்டியை வைத்திருக்க வேண்டும். பயத்தை எண்ணும் முதல் நாளாக வாக்கெடுப்பு நாளே அமைந்துவிட்டது. 2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் மறுபடி பேசினார்கள். அதுவும் முறிந்தது.

வட அயர்லாந்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான சமாதான உடன்படிக்கையை அச்சிட்டு வீடு வீடாக அனுப்பினார்கள். மே 22 வாக்கெடுப்பில் 71 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அதற்கும் முன்பே காலின் இர்வின் என்ற ஆய்வாளர் அங்கே தொடர்ச்சியாகக் கருத்துக்கணிப்பு நடத்தினார். பேச்சு மேசையில் எதிரெதிரே இருந்த கட்சிகளே கேள்விகளைச் சேர்ந்து எழுதின. "விரும்புகிறீர்களா, இல்லையா" என்று கேட்கவில்லை. ஒவ்வொரு யோசனைக்கும் ஐந்து கட்டம் வைத்தார்கள்: கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, ஏற்கலாம், பொறுத்துக்கொள்ளலாம், முடியவே முடியாது.

மதுரையில் சமூகப்பணி படித்த என் மகள்தான் இதை எனக்குச் சொன்னாள். இந்த முகாமில் பிறந்தவள் அவள். எனக்கு அந்த நான்காம் கட்டம் மனதில் பதிந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளலாம். நம் அரசியலில் யாரும் கேட்காத கேள்வி. மேடையில் 'எங்கள் மக்கள் இதை ஏற்க மாட்டார்கள்' என்று சொல்லும் தலைவருக்கு ஐந்தாம் கட்டம் மட்டும்தான் தெரியும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். குழாயடியில் தண்ணீர் வரக் காத்திருக்கும் சாயங்காலங்களில் எங்கள் வரிசையிலும் பின்வரிசையிலும் கேட்டேன். ஆய்வு என்று இதைச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு நாங்களே கேட்டுக்கொண்டது, அவ்வளவே.

பின்வரிசையில் திருகோணமலைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். முதல் கேள்விக்கே, "தனிநாடு, அதற்குக் குறைந்து எழுதாதே பிள்ளை" என்றார். எழுதினேன். கூட்டாட்சி என்றதும், "இருந்தால் நல்லது" என்றார். காணி, பொலிஸ் அதிகாரத்தோடு மாகாண சபை என்று வாசித்தேன். வாளி நிறைந்து வழிகிற வரை பேசவில்லை. பிறகு, "கொடுத்ததைத் திருப்பிப் பறிக்க மாட்டோம் என்று பூட்டுப் போட்டுத் தந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பூட்டு இருக்கிறதா, அதைக் கேட்டு வா" என்றார்.

அந்தப் பூட்டைத்தான் அநேகமாக எல்லோரும் கேட்டார்கள். எவ்வளவு அதிகாரம் என்பதில் எங்களுக்குள்ளே ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஆனால் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் அனைவரையும் ஒன்றுபோல் சுட்டிருக்கிறது. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் 1987இலிருந்து காகிதத்தில் இருக்கின்றன, கைக்கு வரவில்லை. வட மாகாண சபைக்கு 2013இல்தான் முதல் தேர்தல் நடந்தது. 2018இல் அதன் காலம் முடிந்தபின் மறுதேர்தல் இல்லை, ஆளுநர் ஆட்சிதான். அரைகுறையாகத் தந்ததையும் தராமல் வைத்திருப்பவர்களிடம் பெரிய வாக்குறுதி வாங்கி என்ன செய்வது என்று மலையகத்து அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. "இந்தத் தாளில் வடக்கு கிழக்கு என்று இருக்கிறது. நான் எந்தக் கட்டத்தில் நிற்பது?" நோட்டில் மலையகத்துக்கென்று ஒரு கேள்விகூட நான் எழுதியிருக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று. வெளியில் நிறுத்தப்பட்டவளே இன்னொருத்தியை வெளியில் நிறுத்திவிட்டேன்.

அதைவிடப் பெரிய வெற்றிடமும் அந்த நோட்டில் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எருக்கலம்பிட்டி. அங்கிருந்து வந்து என்னோடு படித்தவள் ஒருத்தி, நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தருவாள். நாங்கள் கடல் தாண்டிய இரண்டாம் மாதம், 1990 அக்டோபரில், விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். அவள் குடும்பம் புத்தளத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். என்னைத் துரத்தியது ஷெல். அவளைத் துரத்தியது எங்கள் பெயரால் பேசியவர்கள். எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவளைக் கேட்காமல் வடக்கைப் பற்றி எழுதப்படும் எதுவும் முழுமையாகாது. தமிழர் பிரதிநிதிகளாக அந்தச் சபையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் புதிய அரசமைப்புக்காக வந்த இடைக்கால அறிக்கையில், சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ஜிய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் போட்டீர்கள். இன்றைய அரசமைப்பில் தமிழில் 'ஒற்றையாட்சி' என்று இருப்பதற்குச் சிங்களத்தில் இருப்பதும் அதே 'ஏக்கிய'. தெற்கில் ஒன்றும் மாறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வடக்கில் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் இரு பக்கமும் வேறு வேறு பொருளில் ஆம் என்று சொன்னால், பொருள் வெளிப்படும் நாளில் இரு பக்கமும் ஏமாந்தவர்களாகிவிடுவார்கள். தயவுசெய்து ஒரே பொருளை இரு மொழியிலும் எழுதுங்கள். கசந்தாலும் பரவாயில்லை. கசப்பை எங்களால் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்று நோட்டு சொல்கிறது.

சிங்கள உறுப்பினர்களே, உங்கள் மக்களில் பலருக்கு இந்தக் கரையைப் பார்த்தால் பயம் என்று எனக்குத் தெரியும். தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீட்டரில் தமிழ்நாடு, அங்கே ஆறு கோடிக்கு மேல் தமிழர். தீவில் பெரும்பான்மையாக இருந்தும் சிறுபான்மையின் அச்சம் உங்களுக்கு. அந்தக் கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்குள்ள மக்கள் எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், பள்ளிக்கூடத்தில் இடம் தந்தார்கள். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதே நன்றியோடு இங்குள்ள மேடைப் பேச்சாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: சமரசமே கூடாது என்று எங்கள் சார்பில் முழங்காதீர்கள். எங்களுக்காகப் பேசும் முன் எங்கள் குழாயடிக்கு வந்து கேளுங்கள். கடல் விஷயத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்தக் கரை விசைப்படகின் இழுவைமடி தன் வலையை அறுத்துவிட்டது என்று காலையில் பேசாலையிலிருந்து சித்தி மகன் தொலைபேசியில் அழுகிறான். அக்கரைச் சிறையில் இருக்கும் மகனுக்காகச் சாயங்காலம் இந்தக் கரையில் மீன் விற்கும் அம்மா அழுகிறாள். இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறவள் நான். இந்த இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்து எதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால், மாநாடு போட்டுப் பேசுகிறவர்களைவிட நல்ல விடை வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் சொல்கிறேன். வரைவு முடியும் முன்பே கேளுங்கள். நீங்கள் எல்லாக் கட்சியும் சேர்ந்து கேள்வியை எழுதுங்கள். சிங்களவர், வட கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணி, எண்ணியதை அப்படியே வெளியிடுங்கள். எந்த இடத்தில் எந்த மக்களுக்கு வலிக்கிறது என்று ஊரறியத் தெரியட்டும். பிறகு எழுதுங்கள். எழுதியதை மூன்று மாதமாவது வீட்டில் வைத்துப் படிக்கக் கொடுங்கள்.

அந்தத் தாள் கடல் தாண்டியும் வர வேண்டும். 1995இல் போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கை, நாட்டை விட்டு ஓடிய அகதிகளும் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க வழி செய்தது. இந்த மாநிலத்தின் முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறோம். ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த ஊரும் பதிவேட்டில் இருக்கிறது. மாதாமாதம் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிற தலையிடம் ஒரு கேள்வி கேட்பது கஷ்டமான காரியமா?

நோட்டின் கடைசிப் பக்கம் அம்மாவுடையது. வயது எழுபத்தொன்பது. எல்லாக் கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். பக்கத்து வீட்டில் சிங்களவர் குடிவந்தால்? "வரட்டும், விலை கொடுத்து வாங்கி வரட்டும்." தேசியகீதம் சிங்களத்தில் மட்டும் என்றால்? "பொறுத்துக்கொள்ளலாம், எழுந்து நிற்க முடிந்தால் நிற்பேன்." பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுத முடியாது என்றால்? "முடியவே முடியாது."

கடைசிக் கேள்வி காணியைப் பற்றியது. உங்கள் காணியில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது, அவர்களும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்கள், உங்களுக்கு வேறிடத்தில் நிலமும் நட்டஈடும் தருகிறார்கள் என்றால்? அம்மா எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். யூரியாப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்கட்டும்," என்றாள். "அவர்களிடம் சொல்கிறேன்."

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பேசாலையில் பிறந்து மண்டபம் முகாமில் வாழும் ஒருத்தி